மாதிரிக்குள் யார் இருக்கிறார்கள்?

பாலித் தீவின் நெல் வயல்களில் 1970களில் புகையான் பூச்சி அடித்தது. இந்தோனேசிய அரசு அப்போது பசுமைப் புரட்சியில் மும்முரமாக இருந்தது. அதிக விளைச்சல் தரும் குறுகிய கால ரகங்கள் வந்திறங்கின. ஆண்டுக்கு எத்தனை போகம் முடியுமோ அத்தனையும் போடுங்கள், அடுத்த வயல்காரர் எப்போது நடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. தொடக்கத்தில் களம் நிறைந்தது. பிறகு பூச்சி பெருகியது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 36 ரகத்தைக் கொண்டுவந்தார்கள். அது துங்ரோ வைரஸ் நோயில் மாட்டிக்கொண்டது. மருந்துச் செலவு ஏறியதுதான் மிச்சம்.

அதற்கு முன்பு பாலியில் நடவுத் தேதியை முடிவு செய்தவை தண்ணீர்க் கோயில்கள். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் விவசாயிகளின் சங்கத்துக்கு ‘சுபாக்’ என்று பெயர். பக்கத்துப் பக்கத்து சுபாக்குகள் ஒரு கோயிலில் கூடி, எந்தப் பகுதி எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்று பேசி முடிப்பார்கள். இந்தக் கோயில்களுக்கெல்லாம் மேலே, பத்தூர் ஏரியின் தெய்வமான தேவி தானுவின் கோயில். திட்ட அதிகாரிகளின் கண்ணுக்கும் வெளிநாட்டு ஆலோசகர்களின் கண்ணுக்கும் இது பூசை, படையல் என்ற அளவிலேயே பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் தடுப்பணைகளும் வாய்க்கால்களும் கட்டப்பட்டன. அவர்கள் போட்ட கணக்கில் ஆற்றின் நீரளவு இருந்தது, பாசனப் பரப்பு இருந்தது. கோயில் இல்லை, பூச்சியும் இல்லை.

மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் அந்தக் கோயில் கூட்டங்களைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து கவனித்தவர். சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து அவர் ஒரு கணினி மாதிரியைக் கட்டினார். ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபாக்குகள்தான் அதற்குள் இருந்தவை. மழை, ஆற்று நீர், நெல்லின் வயது, பக்கத்து வயலுக்குத் தாவும் பூச்சி எல்லாவற்றையும் மாதாமாதம் ஓடவிட்டார்கள்.

சிக்கல் இரண்டு பக்கமும் கூர்மையானது. எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேற்றுழவுக்குத் தண்ணீர் வேண்டும், கடைமடை காயும். அவரவர் இஷ்டத்துக்கு நட்டால் தண்ணீர்த் தேவை பிரிந்துபோகும். ஆனால் ஆண்டு முழுக்க எங்காவது ஒரு வயலில் பச்சைப் பயிர் நிற்கும், பூச்சிக்குப் பட்டினி கிடக்கும் காலமே வராது. எத்தனை பேர் சேர்ந்து ஒரே நாளில் நடுவது சரி? தனித்தனி சுபாக்கில் தொடங்கி மொத்த ஆற்றுப்படுகையும் ஒன்றாக நடுவது வரை வெவ்வேறு அளவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். விளைச்சல் உச்சத்துக்குப் போனது கோயில்கள் ஏற்கெனவே பிரித்துவைத்திருந்த அளவில்தான்.

அடுத்த ஓட்டம் இன்னும் சுவையானது. கோயிலையே மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சுபாக்கும் ஆண்டு முடிவில் அக்கம்பக்கத்தைப் பார்த்து, நம்மைவிட யாருக்கு நன்றாக விளைந்ததோ அவருடைய நடவு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளும். விதி அவ்வளவுதான். சில ஆண்டுகள் ஓடியதும், கிட்டத்தட்ட கோயில்களின் எல்லையை ஒட்டிய நடவுக் கூட்டங்கள் தாமாகவே உருவாகிவிட்டன. லான்சிங்கும் கிரெமரும் இதை 1993இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1988இல், வளர்ச்சி வங்கி தன் திட்டத்தைப் பற்றி எழுதிய தணிக்கை அறிக்கையிலேயே, பழைய ஏற்பாட்டின் அருமை தெரியாமல் போனதற்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டிருந்தது. 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலவெளியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதில் ‘பழையதே சிறந்தது’ என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியது வேறு. பொறியாளர்களிடமும் ஒரு மாதிரி இருந்தது. நீரைப் பொறுத்தவரை அது சரியான மாதிரியே. அதற்குள் மனிதர்கள்தான் இல்லை. தலைமடைக்காரர் கடைமடைக்கு ஏன் தண்ணீர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. லான்சிங் பின்னால் செய்த ஆய்வில் அந்தப் பதிலும் கிடைத்தது. தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை குறைவு, பூச்சிக் கவலை அதிகம். கீழே இருப்பவர் தண்ணீர் கிடைக்காமல் தாமதமாக நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலே வந்துவிடும். விட்டுக்கொடுப்பது அவருக்கே லாபம்.

ஒரு சதுரங்கப் பலகை, 44 நாணயங்கள்

சமூக சிமுலேஷன் என்றதும் பெரிய கணினி, பெரிய பட்ஜெட் என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற மாதிரி கணினியே இல்லாமல் பிறந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங், 2005இல் நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்க நகரங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் பகுதிகளில் குடியிருப்பது ஏன் என்று யோசித்து, காசுகளைப் பலகையில் நகர்த்திப் பார்த்தார். 1971இல் அது விரிவான கட்டுரையாக வந்தது.

இந்த அத்தியாயத்தைப் படிப்பவர் மேலே போவதற்கு முன் அதை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. அரை மணி நேரம் போதும். சதுரங்கப் பலகையில் 64 கட்டம். 22 ஒரு ரூபாய் நாணயம், 22 ஐந்து ரூபாய் நாணயம் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டதுபோல் கலந்து வைக்க வேண்டும். 20 கட்டங்கள் காலியாக இருக்கும். ஒவ்வொரு நாணயமும் ஒரு குடும்பம். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் (ஓரத்தில் ஐந்து, மூலையில் மூன்று) இருக்கும் அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போன்றவராக இருந்தால் அந்தக் குடும்பத்துக்குத் திருப்தி. இல்லையென்றால், திருப்தி தரும் காலிக் கட்டம் ஒன்றுக்குக் குடிபெயரும். யாரும் நகர வேண்டியதில்லை என்ற நிலை வரும் வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

இந்தக் குடும்பங்களில் ஒன்றுகூட மற்றவரை வெறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு மாற்று நாணயமாக இருந்தாலும் அவர்களுக்குச் சம்மதமே. இருந்தும் பலகையில் பெரும்பாலும் ஒரு ரூபாய்த் தெரு, ஐந்து ரூபாய்த் தெரு என்று திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும். தொடக்கத்தில் அண்டையில் தன்னைப் போன்றவர்கள் சராசரியாகப் பாதிப் பேர். முடிவில் அது எழுபது விழுக்காட்டை ஒட்டி நிற்பது சாதாரணம். யாரும் திட்டமிடாத, யாரும் விரும்பாத ஒரு விளைவு.

பலகையைக் கலைத்துவிட்டு மறுபடியும் செய்தால் திட்டுகள் வேறு இடத்தில் உருவாகும். சில சமயம் பிரிவு மிதமாகவே நின்றுவிடும். இரண்டு முறை செய்து முடிவு சொல்லக் கூடாது என்பது அங்கேயே கையில் தட்டுப்படும். மூன்றில் ஒன்று என்ற விதியைப் பாதி என்று மாற்றினால் என்ன, ஐந்தில் நான்கு என்று இறுக்கினால் என்ன என்றும் பார்க்கலாம். மிகவும் இறுக்கினால் யாருக்கும் திருப்தியே வராது. காசுகள் ஓயாமல் அலையும். ஆலோசனை நிறுவனங்கள் வண்ணப் படங்களோடு கொண்டுவரும் ‘உணர்திறன் பகுப்பாய்வு’ என்பது இதே வேலைதான்: ஒரு விதியை முறுக்கினால் முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது.

கணினியில் செய்ய விரும்புபவருக்கு நெட்லோகோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கியது. ஷெல்லிங்கின் மாதிரி அதன் நூலகத்தில் தயாராகவே உண்டு. போக்குவரத்துக்கு சுமோ, மேட்சிம். நிலவரைபடத்தோடு சேர்த்துச் செய்ய காமா. கருவியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. பல திட்டங்களில் அதுதான் முதல் வேலையாக நடக்கிறது.

கேள்வி

ஒரு நகராட்சி, ஊர் நடுவே இருக்கும் காய்கறி மொத்தச் சந்தையைப் புறவழிச் சாலைக்கு மாற்ற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சந்தையை மாற்றினால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் எந்த மாதிரியாலும் பதில் சொல்ல முடியாது. அது எல்லாவற்றையும் பற்றிய கேள்வி, எனவே எதையும் பற்றிய கேள்வி அல்ல. மன்றத்தில் உண்மையில் சண்டை எதில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். லாரி நெரிசல் குறையும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. தள்ளுவண்டிக்காரர்கள் விடிகாலையில் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள், ஊருக்குள் காய் விலை ஏறும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. கேள்வி அங்கேதான் இருக்கிறது: புது இடத்துக்கு விடிகாலை மூன்று மணிக்கு எத்தனை பஸ் விட்டால் சில்லறை வியாபாரிகளில் பெரும்பாலோர் தொடர்ந்து வருவார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு முடிவு காத்திருக்கிறது. பதில் எப்படி வந்தாலும் ஏதோ ஒன்று மாறும். பதில் எதுவானாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் சிமுலேஷனுக்குச் செலவழிக்கும் பணம் வீண். ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு அலங்காரம்.

அடுத்து, மாதிரிக்குள் யார் யார் வேண்டும்? மொத்த வியாபாரி, கமிஷன் மண்டிக்காரர், லாரி ஓட்டுநர் ஆகியோர் எல்லாப் பட்டியலிலும் வந்துவிடுவார்கள். சுமை தூக்குபவர், தலையில் கூடை வைத்து விற்கும் பெண், மீந்த காயை மத்தியானம் அள்ளிப்போகும் சிறு உணவகக்காரர் இவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து போடும் பட்டியலில் வர மாட்டார்கள். அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதும் அலுவலகத்தில் தெரியாது. ‘தூரம் கூடினால் வருகை குறையும்’ என்று ஒரு சமன்பாட்டை எழுதிவிடலாம். ஆனால் தள்ளுவண்டிக்காரர் தூரத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னும் மூன்று பேர் கிடைப்பார்களா, மண்டியில் கடன் சொல்ல முடியுமா, ஏழு மணிக்குள் தெருவில் இருக்க முடியுமா என்று பார்க்கிறார். இதைத் தெரிந்துகொள்ள விடிகாலை மூன்று மணிக்குச் சந்தை டீக்கடையில் போய் உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை. மாதிரி கட்டுபவரும் கூட வர வேண்டும். வர மறுக்கும் நிபுணரை அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

சராசரி மனிதரை வைத்துக் கட்டிய மாதிரி எங்கே சறுக்கும் என்பதற்கு மும்பை ஒரு சான்று. கொரோனா காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரு நகர சிமுலேட்டரை உருவாக்கின. அதில் மும்பைக்கு மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட கற்பனை மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் வீடு, வேலையிடம் அல்லது பள்ளி, லோக்கல் ரயில். குடிசைப் பகுதியையும் பிற பகுதிகளையும் அவர்கள் வேறாகவே வைத்தார்கள், ஏனென்றால் நெருக்கம் வேறு. 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் மற்ற பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடமும் நோய்க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. ஒரே வார்டுக்குள் இரண்டு ஊர். இரண்டையும் கூட்டி வகுத்துக் கிடைக்கும் எண் எந்தத் தெருவுக்கும் பொருந்தாது.

விளையாட விடுவது

விதிகளை எழுத இன்னொரு வழியும் உண்டு: சம்பந்தப்பட்டவர்களையே உட்காரவைத்து விளையாடவிடுவது. பிரான்சின் சிராட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செனகலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். முதலில் மேசை விளையாட்டு. அதில் மக்கள் எடுத்த முடிவுகளை வைத்துக் கணினி மாதிரி. அதை மறுபடியும் அவர்களிடமே காட்டித் திருத்துவது.

பூட்டானின் லிங்முத்தேய்சு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏழு ஊர்கள் ஓர் ஓடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மேலே இருப்பது லிம்புகா, அதற்குக் கீழே தொம்பொலா. நடவுக் காலத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் வரை தண்ணீர் முழுக்க லிம்புகாவுக்கு. பூட்டான் நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் பத்தாம் நாளிலிருந்துதான் தொம்பொலாவுக்குப் பங்கு. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், தலைமுறை தலைமுறையாக வந்த மனஸ்தாபமும்கூட. 2003இல் ஆய்வாளர் தாயன் ராஜ் குருங் இரண்டு ஊர் விவசாயிகளையும் ஒரே கூடத்துக்குக் கொண்டுவந்தார். கற்பனை வயல்களில் எந்தப் பயிர் போடுவது, எப்போது நடுவது, யாரிடம் தண்ணீர் கேட்பது என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும். முதலில் ஊருக்குள் மட்டும் பேசலாம்; பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து பேசலாம்.

மூன்றாவது சுற்றில் வேடம் மாற்றினார்கள். லிம்புகாக்காரர் தொம்பொலாக்காரராக உட்கார வேண்டும். மேலிருந்து தண்ணீர் வருமா என்று வாய்க்காலைப் பார்த்துக் காத்திருப்பது அவர் முறை.

கூட்டம் போட்டு, மனு வாங்கி, நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு செய்யும் நம் வழக்கமான ‘கருத்துக் கேட்பு’ நிகழ்ச்சிகளில் யாருக்கும் இப்படி ஒரு பத்து நிமிடம் வாய்ப்பதில்லை. கருத்துக் கேட்பில் ஒவ்வொருவரும் தன் பக்கத்து வாதத்தைத்தான் சொல்கிறார். விளையாட்டில் அவர் என்ன செய்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. சொல்வதும் செய்வதும் வேறு வேறாக இருப்பதும் தெரிந்துவிடுகிறது. குருங்கின் குழு அந்த முடிவுகளைக் கணினியில் ஏற்றி, தண்ணீர்ப் பரிமாற்றம் ஊருக்குள் மட்டும் நடந்தால் என்ன, ஊர்களுக்கிடையே நடந்தால் என்ன என்று ஓட்டிப் பார்த்தது. பின்னாளில் ஏழு ஊர்களுக்கும் பொதுவாக நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மைக் குழு அமைந்தது. இதற்குச் செலவு மிகக் குறைவு. சந்தைப் பிரச்சினையில் இருக்கும் நகராட்சியும் சமுதாயக் கூடத்தில் ஒரு நாள் இதைச் செய்துவிடலாம். மண்டிக்காரரைத் தள்ளுவண்டிக்காரராக உட்காரவைக்கும் சுற்றை மட்டும் விட்டுவிடக் கூடாது.

வரும் எண்ணை எப்படி வாசிப்பது

2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், மக்களும் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் பிரிட்டனில் 5.1 லட்சம் பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் கொரோனாவால் இறக்கக்கூடும் என்றது. அந்த ‘இருந்தால்’ செய்திகளில் உதிர்ந்துபோனது. சாவு எண்ணிக்கை அந்த அளவுக்குப் போகாதபோது, கணிப்பு பொய்த்தது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அறிக்கை அதைக் கணிப்பாகச் சொல்லவே இல்லை. ஒன்றும் செய்யாவிட்டால் இது, இதைச் செய்தால் இது, இதையும் அதையும் செய்தால் இது என்று பாதைகளை அடுக்கியிருந்தது. மேலும், இப்படியோர் அறிக்கை வந்ததே மக்களின் நடத்தையை மாற்றிவிடும். வானிலை அறிக்கையைக் கேட்டு மேகம் திசை மாறாது. சமூக மாதிரியின் எண்ணைக் கேட்டு ஊர் மாறும்.

ஆகவே மேசைக்கு ஒற்றை எண் வந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ‘12 பஸ் விட்டால் 83 விழுக்காடு’ என்று எழுதித் தருபவரிடம், எத்தனை முறை ஓட்டினீர்கள், மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு, எந்த விதியைச் சற்று மாற்றினால் எண் கவிழ்ந்துவிடுகிறது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆட்டோப் பங்கு பற்றிய விதியில் எல்லாம் தொங்குகிறது என்று தெரியவந்தால், அடுத்த வாரம் அதைப் பற்றி மட்டும் இன்னொரு முறை சந்தையில் விசாரித்துவிடலாம்.

மாதிரியை அளவுக்கு மீறி நம்பிய கதைகளில் அதிகம் விவாதிக்கப்படுவது பிரிட்டனின் 2001 கோமாரி நோய். பிப்ரவரி 20 அன்று நோய் உறுதியானது. அதற்குள் ஆட்டுச் சந்தைகள் வழியாக நாடு முழுக்கப் பரவிவிட்டிருந்தது. பல்கலைக்கழகக் குழுக்களின் மாதிரிகள் ஒரே குரலில் வேகம் வேண்டும் என்றன. நோய் கண்ட பண்ணையின் கால்நடைகளை 24 மணி நேரத்துக்குள்ளும், ஒட்டியுள்ள பண்ணைகளின் கால்நடைகளை 48 மணி நேரத்துக்குள்ளும் கொல்வது என்று அரசு கொள்கை வகுத்தது. இலையுதிர் காலத்தில் நோய் ஓய்ந்தபோது கொல்லப்பட்டிருந்தவை 60 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இல்லை.

அண்டைப் பண்ணைகளை அழித்ததால்தான் நோய் அடங்கியதா, அல்லது அது நடைமுறைக்கு வரும் முன்பே நோய் இறங்கத் தொடங்கிவிட்டதா என்பதில் மாதிரிக்காரர்களும் கால்நடை மருத்துவர்களில் ஒரு சாராரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மருத்துவர்களின் புகாரில் ஒரு பகுதி இந்த அத்தியாயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் பண்ணை என்றால் மாதிரிக்கு ஆபத்து. இடையில் ஆறு ஓடுகிறதா, மாடுகள் கொட்டிலில் இருக்கின்றனவா மேய்ச்சலில் இருக்கின்றனவா, பண்ணைக்காரர் வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அந்த ஊர் மருத்துவருக்குத் தெரியும், மாதிரிக்குத் தெரியாது. அவசர காலத்தில் தேசிய அளவில் முடிவெடுக்க அப்படித்தான் செய்ய முடியும் என்பது எதிர்த்தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் மாதிரியின் ஆணையை ஊர் மருத்துவர் ஓரிடத்தில் நிறுத்திவைக்க வழி இருந்திருந்தால், அந்த வழியை முதல் நாளே எழுதிவைத்திருந்தால், சண்டை இவ்வளவு கசந்திருக்காது.

சின்னதாக நடத்திப் பார்க்க முடியுமா?

சுவீடனின் ஸ்டாக்ஹோம் தீவுகளில் பரந்து கிடக்கும் நகரம். நடு நகருக்குள் நுழையப் பாலங்களும் சாலைகளும் எண்ணிக்கையில் குறைவு. 18 இடங்களில் கேமரா வைத்தால் உள்ளே வரும், வெளியே போகும் எல்லா வண்டியையும் பிடித்துவிடலாம். நெரிசல் கட்டணம் வசூலித்தால் வண்டிகள் கால் பங்கு வரை குறையும் என்று போக்குவரத்து மாதிரிகள் சொல்லின. ஊர் நம்பவில்லை. பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள்.

நகரம் பிடிவாதமும் பிடிக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனையாக நடத்தியது. நேரத்தைப் பொறுத்து 10, 15 அல்லது 20 குரோனா. ஒரு நாளைக்கு 60க்கு மேல் இல்லை. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தன. ஜூலை முடிந்து கட்டணம் நின்றதும் வண்டிகள் பெருமளவு திரும்பி வந்தன. அதையும் மக்கள் பார்த்தார்கள். செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் குறுகிய பெரும்பான்மையில் ஆதரவளித்தனர். 2007 ஆகஸ்ட் 1 முதல் கட்டணம் நிரந்தரமானது.

இங்கே மாதிரி செய்த வேலை தீர்ப்புச் சொல்வதல்ல. எல்லைக் கோட்டை எங்கே போடுவது, எவ்வளவு வசூலிப்பது, கூடுதல் பஸ் எங்கே தேவைப்படும் என்று சோதனையை வடிவமைக்க அது உதவியது. எதை எண்ண வேண்டும் என்றும் முன்கூட்டியே சொன்னது. வண்டிகளின் எண்ணிக்கையை ஏறத்தாழச் சரியாகச் சொன்ன அதே மாதிரி, பயண நேரம் குறைந்ததைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. வரிசை நிற்பது எப்படி ஊதிப் பெருகுகிறது என்பதை அந்த வகை மாதிரி நன்றாகப் பிடிப்பதில்லை. சோதனை நடக்காமல் இருந்திருந்தால் அந்த ஓட்டை வெளியே வந்திருக்காது.

எல்லா முடிவையும் இப்படிச் சோதிக்க முடியாது. அணையை ஏழு மாதம் கட்டிப் பார்க்க முடியாது. சந்தையை ஒரு மாதம் பாதியளவு மாற்றிப் பார்க்கலாம். பஸ் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒருவழிப் பாதையைப் பண்டிகைக் காலத்தில் போட்டுப் பார்க்கலாம். எது சோதிக்கக்கூடியது என்பதைக் கேள்வியை எழுதும்போதே குறித்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

சுவாரசியம் இல்லாத பகுதிதான். பணமும் மானமும் போவது பெரும்பாலும் இங்கேதான். 2012இல் பிரிட்டன் அரசு மேற்குக் கடற்கரை ரயில் தடத்தின் ஏல முடிவை அறிவித்துவிட்டு, அக்டோபரில் அதை ரத்து செய்ய நேர்ந்தது. வேறொரு நோக்கத்துக்காகக் கட்டிய மாதிரியை எடுத்து ஏலதாரரின் பொறுப்புத் தொகையைக் கணக்கிட்டதும், பணவீக்கத்தைக் கையாண்டதில் நேர்ந்த பிழையும் விசாரணையில் வெளிவந்தன. ஏலதாரர்களின் செலவை அரசு திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த மேக்ஃபெர்சன் ஆய்வறிக்கை, முக்கியமான ஒவ்வொரு மாதிரிக்கும் பெயர் சொல்லி ஒரு மூத்த அதிகாரி பொறுப்பேற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். மாதிரி ‘ஐ.டி. பிரிவுடையது’ என்றால் அது யாருடையதும் அல்ல.

நிரல் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்தது. ஃபெர்குசன் குழுவின் நிரல் முன்பு இன்ஃப்ளூயன்சாவுக்காக எழுதியது. அறிக்கை வெளிவந்தபோது பொதுவில் இல்லை. ஏப்ரல் இறுதியில் சீர்செய்த வடிவம் வெளியானதும் மென்பொருள்காரர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். பிறகு கேம்பிரிட்ஜில் ஒருவர் தனியாக ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முடிவுகள் மறுபடியும் கிடைக்கின்றன என்று உறுதிசெய்தார். முதல் நாளே நிரல் வெளியில் இருந்திருந்தால் அந்த இடைப்பட்ட சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது. எனவே நிரல், தரவு, விதிகளின் பட்டியல் மூன்றையும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிவிட வேண்டும். விதிகள் தமிழில், சந்தை வியாபாரி படித்துப் பார்த்து ‘நான் இப்படிச் செய்ய மாட்டேனே’ என்று சொல்லக்கூடிய நடையில் இருக்க வேண்டும்.

இன்னொரு தாளும் வேண்டும். முடிவு எடுக்கும் நாளில், எந்த மூன்று அல்லது நான்கு எண்களை மாதிரி எதிர்பார்க்கிறது என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்துவிடுவது. சந்தை மாறிய ஆறாவது மாதம் அதை எடுத்து, கடைசி லாரி இறக்கி முடிக்கும் நேரம், மூன்று மணி பஸ்ஸில் ஏறுபவர்கள், ஊருக்குள் தக்காளியின் சில்லறை விலை ஆகியவற்றைப் போய் எண்ணி, பக்கத்திலேயே எழுத வேண்டும். எண்ணப் போகிறவர் மாதிரி கட்டிய நிறுவனத்தைச் சேராதவராக இருக்கட்டும். ஏதாவது ஒன்று வெகுவாக விலகியிருந்தால், அதற்குக் காரணமான விதியைத் திருத்தி மறுபடி ஓட்டிய பிறகே அந்த மாதிரியை மீன் சந்தைக்கோ பஸ் நிலையத்துக்கோ எடுத்துச் செல்லலாம்.